கழுத்துக் கோடு

பேராதனையில் நாலு வருஷம் படித்து, ஊரின் முதல் பட்டதாரிப் பெண் என்று பெயரெடுத்துத் திரும்பிய ஸக்கியாவுக்கு வீட்டில் கிடைத்த உத்தியோகம் மிளகு புடைப்பது. அது அறுபத்தெட்டாம் வருஷம். அண்ணன் மக்கீனுக்கு மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற கடை. வீடு நாலந்தாவுக்கு இந்தப் பக்கம், பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் இறங்கி. வாப்பாவும் உம்மாவும் மௌத்தான பிறகு தங்கச்சியைப் படிக்க வைத்தவன் அவன்தான். அதை நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

“பி.ஏ.ய வச்சி என்ன செய்யப் போற? கொச்சிக்காவா இடிக்கப் போற?” என்பான்.

“ஒங்கட மண்டையில ரெண்டு இடிக்கலாம் நானா. உள்ள ஏதும் ஈக்குதா எண்டு பாக்க.”

“நாக்கப் பாரு. இந்த நாக்குக்குத்தான் ரவூப் முதலாளி சரி.”

ரவூப் முதலாளி கலேவெலயில் வெங்காய வியாபாரி. மனைவியைப் பறிகொடுத்தவர். அவருடைய மூத்த மகளுக்கும் ஸக்கியாவுக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம். படித்த பெண்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பிள்ளைகளுக்கு வீட்டோடு ஒரு டியூஷன் டீச்சர் ஆச்சுதே. நோன்புக்கு முந்தி வேலை ஒன்று கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் ரவூப் முதலாளி என்று மக்கீன் தீர்த்துச் சொல்லிவிட்டான்.

வேலைக்கு ஒரே ஒரு வாசல்தான் திறந்திருந்தது. கண்டியில் சில பணக்காரர்கள் சேர்ந்து பழைய சித்திரங்களுக்கு ஒரு காட்சிச்சாலை தொடங்கவிருந்தார்கள். அதற்குப் பொறுப்பானவர் லோரன்ஸ் என்ற மாத்தளை வேதக்காரர். கழுத்துப் பட்டியை அவிழ்க்காமலே தூங்குவார் போல் இருக்கும். ஸக்கியா அவரைப் போய்ப் பார்த்தபோது அவர் அவளுடைய பட்டத்தைக் கையில் வாங்கவே இல்லை. அவள் வீட்டில் ஒல்லாந்தர் காலத்து மைப்படம் ஒன்று இருப்பதாகச் சொன்ன பிறகுதான் கதிரையைக் காட்டினார்.

“படத்தோட வாங்க, வேலை உங்களுக்கு. படம் இல்லாட்டி, உங்களப் போல பி.ஏ. எத்தனையோ பேர் இந்த வாசல்ல நிக்கிறாங்க. நான் மறைக்கிறதில்ல.”

அந்த நேர்மை ஸக்கியாவுக்குப் பிடித்திருந்தது. அவளும் மறைக்கிற ஜாதி இல்லை. சனிக்கிழமை தானே வந்து படத்தைப் பார்த்து எடுத்துப் போவதாக லோரன்ஸ் சொன்னார். அதற்குள் அதைப் பற்றி ஒரு விவரணம் எழுதி வைக்கச் சொன்னார்.

படம் தலைமுறை தலைமுறையாகத் தகரப் பெட்டியின் அடியில், கலியாணப் புடவைகளுக்குக் கீழே விரித்தபடி கிடந்தது. அந்த வீட்டில் உயிருள்ளதின் படத்தைச் சுவரில் மாட்டுகிற வழக்கம் இல்லை. படம் இருக்கிற இடத்துக்கு அல்லாஹ்வின் வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள். அதனால்தான் வெயிலும் புகையும் படாமல் அது தப்பியிருந்தது. கண்டி ராஜாவுக்குப் பொதிமாடு ஓட்டிய குடும்பம் அவர்களுடையது. தூது போன ஒல்லாந்தக் கூட்டத்தில் ஒருவன் காய்ச்சலில் விழுந்து இந்த வீட்டில் கிடந்தானாம். எழுந்து உட்காரத் தெம்பு வந்ததும் எதிரே தெரிந்த பின்முற்றத்தைப் படமாகக் கீறினானாம்.

ராஜா இல்லை, யானை இல்லை, பெரஹெரா ஊர்வலம் இல்லை. ஒரு பின்முற்றம். ஒருத்தன் மாட்டின் முதுகில் பொதி கட்டுகிறான். கை இரண்டும் போதாமல் கயிற்றைப் பல்லால் இழுக்கிறான். பல்லில்லாத கிழவன் ஒருவன் பாக்கு வெட்டுகிறான், யாருக்கென்று தெரியவில்லை. தூணுக்கு முதுகு தேய்த்துச் சொறிகிறவன் கண் சொக்கி நிற்கிறான். ஒரு பெண் சுளகில் புடைக்கிறாள். இரண்டு பெண்கள் மேலும் கீழுமாக உட்கார்ந்து பேன் பார்க்கிறார்கள். எல்லாம் பழுப்பேறிய மை. நிழலுக்கு மட்டும் தண்ணீர் கலந்த சாம்பல் பூச்சு.

விவரணம் எழுத வெளிச்சம் வேண்டும். அந்த வீட்டில் நல்ல வெளிச்சம் ஜன்னல் பெரிதாக உள்ள நடு அறையில்தான். அங்கேதான் மக்கீனின் மனைவி நூருன்னிஸா எட்டு மாத வயிற்றோடு படுத்துக் கிடந்தாள். இது மூன்றாவது. முதல் பிள்ளை மௌத்தாகவே பிறந்தது. இரண்டாவது நாற்பது நாள் கழியுமுன் போனது. இந்தத் தடவை எழும்பி நடமாடக் கூடாது என்று மருத்துவிச்சி சொல்லியிருந்தாள்.

ஸக்கியா ஒரு வார்த்தை கேட்கவில்லை. படத்தைப் பலகையில் பதித்துக் கொண்டுவந்து, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள்.

“யா அல்லாஹ், இதென்ன மச்சி?”

“படம்.”

“கோழி கிண்டின மாதிரியெலா ஈக்குது. இதப் பாக்கவா கண்டியிலயிருந்து ஆள் வருது?”

“மதினி, ஒங்களுக்கு ஈக்கிறது கண்ணா, இல்ல சுர்மா போட எண்டு வச்ச குழியா?”

நூருன்னிஸா சிரித்துவிட்டாள். கலெகெடிஹேனப் பக்கத்துப் பெண். அஞ்சாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். நாத்தனாரின் நாக்குக்குப் பழகியிருந்தாள். படுத்துப் படுத்து முதுகு வெந்து போயிருந்த அவளுக்கு ஒரு ஆள் அறைக்குள் வந்து திட்டினால்கூட விருந்துதான்.

பொழுதுபோக்காகத்தான் ஸக்கியா ஆரம்பித்தாள். கேலி செய்ய ஒரு ஆள் கிடைத்தது, அவ்வளவுதான். பலகையைக் கழற்றி மதினியின் முட்டிக்கு முன்னால் நிறுத்தினாள்.

“கையால மத்ததெல்லாம் மறைங்க. இந்த ரெண்டு பெருவிரல மட்டும் பாருங்க. என்ன செய்றா?”

“பேன் நசுக்குறா.”

“பேன் எங்க?”

நூருன்னிஸா கிட்டே போய்ப் பார்த்தாள். “இல்லயே!”

“இல்ல. அவன் கீறல்ல. ரெண்டு நகமும் கிட்ட வாற விதத்தக் கீறியிருக்கான். பேன நீங்கதான் கொண்டுவந்து வச்சீங்க.”

நூருன்னிஸா தன் இரண்டு பெருவிரல் நகங்களையும் ஒட்டிப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ மெல்ல விழித்துக்கொண்டது.

“இப்ப சுளகு. அரிசி எங்க?”

“மேல... மேல ஒண்டுமே இல்ல. வெறும் கடுதாசி.”

“அவ மொகத்தப் பாருங்க.”

“ஒரு பக்கமாத் திருப்பி, கண்ணச் சுருக்கி... ஆ! தூசி. காத்து இந்தப் பக்கமிருந்து அடிக்குது மச்சி! அந்த வெறும் கடுதாசிதான் உமி!”

இப்படித்தான் அந்தக் கிழமை போனது. ஸக்கியா கோடு காட்டினாள்: பொதி கட்டுகிறவனின் கழுத்து நரம்பு ஒரே இழுப்பு, தொடங்கும்போது மயிரிழை, நடுவில் தடிப்பு, மைப்பேனை முனை அங்கே அழுத்தப்பட்டிருக்கிறது, கயிறு இழுபடுகிற பாரம் கயிற்றில் இல்லை, அந்த நரம்பில் இருக்கிறது. நூருன்னிஸா வாய் பிளந்து கேட்டாள். நாலாம் நாள் ஸக்கியா உள்ளே வந்தபோது அவளே கூப்பிட்டாள்.

“மச்சி, கீழ உக்காந்திருக்கிறவ தூங்குறா எண்டீங்களே, தூங்கல்ல. மேல ஈக்கிறவ யாரப் பத்தியோ கோள் செல்றா, இவ கேக்கிறா. கால் பெருவிரலப் பாருங்க, நிமிந்து ஈக்குது. தூங்குறவட விரல் அப்புடி நிக்குமா?”

ஸக்கியா பார்த்தாள். உண்மைதான். அத்தனை நாளாக அவள் கண்ணில் படாதது. “ம்” என்றாள். பிறகு மேசைக்குப் போய் விவரணத்தில் தன் சொந்தக் கண்டுபிடிப்பாக எழுதிக்கொண்டாள். கண்டியில் யார் இருக்கிறார்கள், மதினியைக் கேட்க?

படிப்பித்தல் அளவு மீறி வெற்றியாகிவிட்டது. அடுத்த நாள் ளுஹர் தொழுகைக்குப் பிறகு நூருன்னிஸா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள்.

“அதக் கழட்டுங்க மச்சி.”

“ஏன், கோழி கிண்டினது அலுத்துப் போச்சா?”

“அது மூச்சு விடுது.”

ஒரு படத்துக்கு இதைவிடப் பெரிய புகழ் யார் சொல்ல முடியும்? ஸக்கியா தன்னைத்தான் புகழ்ந்ததாக எடுத்துக்கொண்டாள்.

“விடத்தான் செய்யும். அவங்களுக்கு உசிர் ஈக்குது மதினி. ஒங்கள விடக் கூட. அவங்க வேலையாவது செய்றாங்க.”

“அதுதான் பயமா ஈக்குது. முந்தி அது கிறுக்கல். கிறுக்கல் ஈக்கிற வீட்டுக்கு மலக்குகள் வருவாங்க. இப்ப மனுசர். நேரம் கிட்ட வருது மச்சி. ரெண்டப் பறிகொடுத்தவ நான். மடிச்சிப் பெட்டியில வைங்க.”

“மடிச்சா வெடிச்சிரும். இருநூறு வருஷக் கடுதாசி. சனிக்கிழம வரைக்கும் கண்ண மூடிக்கிட்டுப் படுங்க.”

“லெப்பைக்கிட்ட ஒரு வார்த்தை...”

“லெப்பையக் கேளுங்க, மருத்துவிச்சியக் கேளுங்க, பள்ளி மோதினாரக் கேளுங்க. கழட்ட மாட்டேன். ஒரு புள்ளய வயித்துல வச்சி வளக்க ஒங்களுக்கு ஏலாதது என்ட படத்துட குத்தமா?”

ஸக்கியா அதைத் திரும்ப எடுக்கவில்லை. சொன்னதைத் திரும்ப எடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அதைத்தான் அவள் தன் நல்ல குணம் என்று நம்பியிருந்தாள்.

மக்கீன் பள்ளிவாசல் லெப்பையிடம் மார்க்கம் கேட்டு வந்தான். பெட்டிக்குள் வைத்தால் போதும் என்றார் லெப்பை. அதற்கு வழியில்லை என்றால், கழுத்தில் ஒரு கோடு இழுத்தால் சரி. கழுத்து அறுந்தது உயிரில்லாதது, அதில் குற்றமில்லை. மக்கீன் அதை மனைவியிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனான். கோடு இழுக்கச் சொல்லவில்லை. இழுக்காதே என்றும் சொல்லவில்லை. தங்கச்சியின் காதில் மட்டும் போடவே இல்லை.

சனிக்கிழமை லோரன்ஸ் டவுனிலிருந்து வாடகைக் காரில் வந்தார். ஸக்கியா காலையிலிருந்து அடுப்படியில் விருந்தாளிக்கான வட்டிலப்ப இனிப்போடு நின்றாள். படத்தின் மேல் வெள்ளைத் துணி ஒன்று போர்த்தியிருந்ததைப் பார்த்தவள், மதினி பயந்து மூடி வைத்திருக்கிறாள் என்றே நினைத்தாள். தூசி படாமல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மக்கீன் அவரை நடு அறைக்குக் கூட்டி வந்தான். நூருன்னிஸா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கட்டிலைப் பிடித்து எழுந்து நின்றாள். முகம் தெளிந்திருந்தது. துணியை அவளே விலக்கினாள்.

“இப்ப ஒரு குத்தமும் இல்ல. யாரும் பாக்கலாம்.”

ஒவ்வொரு கழுத்திலும் ஒரு நீலக் கோடு. பொதி கட்டுகிறவன், கிழவன், தூணில் சொறிகிறவன், சுளகுக்காரி, பேன் பார்க்கிற இரண்டு பேர். மாட்டின் கழுத்திலும். மூலையில் மேய்ந்த பெட்டைக் கோழியின் கழுத்திலும். மக்கீன் கடைக் கணக்கெழுதுகிற பேனை, பள்ளிக்கூட அடிமட்டம். கை நடுங்காமல், அவசரப்படாமல், பிசகாமல் இழுத்திருந்தாள். பொதிகாரனின் கழுத்து நரம்பு, அந்தத் தடித்த இடத்திலேயே வெட்டுண்டிருந்தது.

லோரன்ஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். குனிந்தார். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பொறுமையாகப் பார்த்தார். அவர் கத்துவார் என்று ஸக்கியா எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் அவரோடு சேர்ந்து கத்தியிருப்பாள்.

“நல்ல நேர் கோடு,” என்றார். “அடிமட்டம் வச்சா?”

“ஓம் சேர்,” என்றாள் நூருன்னிஸா, வெட்கத்தோடு.

“மாட்டையும் விடல்ல. கோழி பாவம்.” அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய ஸக்கியாவுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. “மிஸ் ஸக்கியா, சித்திரங்களப் பாதுகாக்கிற வேலைக்குத்தானே நீங்க கேட்டீங்க?”

“சேர், எனக்குத் தெரியாம... விவரணம் எழுதி வச்சிருக்கேன், அதயாவது...”

“எதப் பத்தின விவரணம்?”

வட்டிலப்பத்தை மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். ஏலக்காய் அளவாகப் போட்டிருப்பதாகச் சொன்னார். வாசலில் செருப்பை மாட்டும்போது மக்கீனிடம், “படிச்ச பிள்ளைங்க எல்லா வீட்டுலயும் இருக்காங்க முதலாளி. அந்தப் படிப்பு மத்தவங்களுக்குத் தொத்துறதில்ல,” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் மக்கீனும் சேர்ந்து சிரித்தான்.

கார் போன புழுதி அடங்குமுன் அவன் சட்டையை மாட்டிக்கொண்டான்.

“அல்லாஹ் செய்றது நன்மைக்குத்தான். அஸருக்குப் பொறகு கலேவெல பஸ்ஸுல ஆள் போகுது. ரவூப் முதலாளிக்கு என்ன செல்ல? யோசிச்சி வை.”

ஸக்கியா நடு அறைக்குப் போனாள். நூருன்னிஸா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நடந்தது முழுக்கப் புரியவில்லை என்றாலும், ஏதோ பிசகிவிட்டது என்று புரிந்திருந்தது.

“கோவமா மச்சி? மொகத்துல நான் கை வைக்கல்ல. கழுத்து மட்டும்தான். நீங்க காட்டித் தந்தது எல்லாம் அப்புடியே ஈக்குது. பெருவிரல் ஈக்குது. உமி ஈக்குது. வாங்களேன், பாப்பம்.”

அறைந்திருக்கலாம். அறை ஒரு நிமிஷத்தில் ஆறிவிடும். ஸக்கியா பலகையைக் கழற்றி மதினியின் முட்டிக்கு முன்னால் நிறுத்தினாள், பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் இறங்கி, இத்தனை நாளும் பாடம் சொன்ன அதே குரலாயிற்று.

“சரி. பாப்பம். பேன் பாக்கிறவட மடிய மட்டும் பாருங்க. மத்ததெல்லாம் மறைங்க.”

நூருன்னிஸா சந்தோஷமாக மறைத்தாள்.

“இது என்ன?”

“துணி. புடவைத் தலைப்பு.”

“துணி இப்புடி உருண்டையாவா ஈக்கும்?”

அது துணிதான். அந்த இடத்தில் மை கூடிப்போய், கீறியவன் ஈரத் துணியால் ஒற்றியெடுத்திருக்கிறான்; வட்டமாக ஒரு கறை தங்கிவிட்டது. விவரணத்தில் ஸக்கியாவே தன் கையால் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

“இது மண்டை,” என்றாள். சுண்டுவிரலால், கடுதாசியில் படாமல், வட்டத்தைச் சுற்றினாள். “இது மடக்கின கால். தலைப்ப எனத்துக்கு மூடியிருக்கா? பால் குடுத்திட்டு மூடியிருக்கா. தூங்குது.”

நூருன்னிஸா பார்த்தாள். இல்லாத பேனைப் பார்க்கவும், வெறும் கடுதாசியில் உமியைப் பார்க்கவும் பழகிய கண். மண்டை தெரிந்தது. கால் தெரிந்தது. “ஓம்,” என்றாள் மூச்சுக்குள். “ஓம் மச்சி. சின்னது. எவ்வளவு சின்னது.”

“கோடு எங்க போகுது பாருங்க.”

கீழே உட்கார்ந்தவளின் கழுத்தும் மேலே இருப்பவளின் மடியும் ஒரே மட்டம். அடிமட்டம் நீளம், கோடு அவள் கழுத்தோடு நிற்காமல் மடிக்குள்ளே ஓடியிருந்தது. ஸக்கியா மண்டை என்று காட்டிய இடத்துக்கும் கால் என்று காட்டிய இடத்துக்கும் நடுவே, நேராக, நீலமாக.

“வயித்துல புள்ள ஈக்குது எண்டு நானா ஒரு கோழிகூட அறுக்கிறதில்ல,” என்றாள் ஸக்கியா. “எட்டு மாசமா அறுக்க அடுத்த வீட்டுக்குத்தானே குடுத்தனுப்புறார். நீங்க ஒங்கட கையால, அடிமட்டம் வச்சி...”

நூருன்னிஸா படத்தில் வைத்த கையை எடுக்காமல், மற்றக் கையை வயிற்றில் வைத்தாள். வெகுநேரம் எதற்கோ காத்திருப்பவள்போல் இருந்தாள். உள்ளே ஒரு அசைவுக்கு என்று ஸக்கியாவுக்குத் தெரிந்தது. இப்போது சொல்லலாம், அது வெறும் கறை என்று. நாக்கு வாய்க்குள்ளேயே கிடந்தது.

“மச்சி.”

“ம்.”

“அது ஆம்புளப் புள்ளயா, பொம்புளப் புள்ளயா?”

ஸக்கியா எழுந்தாள். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“பொறக்குமே. அப்ப பாருங்க.”

முன்னறையில் மக்கீன் குடையைத் தேடிக்கொண்டிருந்தான். “என்ன செல்ல, ரவூப் முதலாளிக்கு?” என்று கேட்டான், அவள் முகத்தைப் பார்க்காமலே.

“வரச் செல்லுங்க,” என்றாள். “இந்த வீட்டுல இனி நான் இருக்க ஏலாது.”